கொல்கத்தாவின் கழிவுநீரும் 'பேரி' என்னும் சொல்லும்

கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பிலுள்ள மீன்வளர்ப்புக் குளங்களை வங்காளியர் 'பேரி' என்பர். அச்சொல்லின் மூலப்பொருள் கரை. தமிழில் 'அணை நிரம்பியது' என்னும்போது தடுப்பின் பெயர் தேங்கிய நீருக்கு ஆகிவருவதைப் போன்றதே இதுவும். ஆகுபெயர் என்று கடந்துவிடலாம். ஆனால் இச்சொல்லுக்குள் ஒரு பொறியியல் வரலாறு அடங்கியிருக்கிறது.

பித்யாதரி ஆற்றின் வழியே ஏறிவந்த கடலோதம்தான் ஒரு காலத்தில் இங்கிருந்த உவர்நீர் ஏரிகளை நிரப்பியது. ஆறு தூர்ந்து, 1928இல் செயலிழந்ததாக அறிவிக்கப்பட்டது. உவர்நீர் வரத்து நின்றது. நகரின் கழிவுநீரே எஞ்சியது. மீனவர்கள் அதையே அளவறிந்து குளங்களில் பாய்ச்சக் கற்றனர்.

ஆழமற்ற குளத்தில் வெயில்படத் தேங்கும் கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன. அதிலிருந்து வெளிப்படும் சத்துகளை உண்டு பாசி வளர்கிறது. அது நீருக்கு உயிர்வளி தருகிறது. பாசியை மீன் உண்கிறது. தெளிந்த நீர் பின்னர் வயலுக்குச் செல்கிறது. கரையோரம் வளர்க்கப்படும் ஆகாயத்தாமரை அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காக்கிறது.

ஆவணங்களோ இந்நிலத்தை வெறும் சதுப்பாகவே கண்டன. 1960களில் அதன் வடபகுதி நிரவப்பட்டு உப்பு ஏரி நகரம் எழுந்தது. 1980களில், நகரின் கழிவுநீர் எங்கே செல்கிறது எனத் தேடிப் புறப்பட்ட அரசுப் பொறியாளர் துருபஜோதி கோஷ், மீனவர்களிடமே விடையைக் கண்டார். கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள் என அவர் பெயரிட்டு வரைந்த எல்லை, 1992இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பின் பாதுகாப்பைப் பெற்றது. 2002இல் 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் தலமாயிற்று. 2006இல் தனிச் சட்டமும் வந்தது.

இன்று இத்தகையவற்றை 'இயற்கைசார் தீர்வுகள்' என்கிறோம். அத்தொடரில் செய்பவர் இல்லை. மதகை எப்போது திறப்பது, எவ்வளவு விடுவது என்பதை நீரின் நிறத்தாலும் மணத்தாலும் அறிந்து முடிவெடுப்பவர் மனிதர். கரையைச் சீரமைப்பவரும் அவரே. அவர் தொழிலைவிட்டு வெளியேறினால், வரைபடத்தில் ஈரநிலம் எஞ்சும், கழிவுநீர் தெளியாது. 'பேரி' என்னும் சொல்லோ கரையை நினைவில் வைத்திருக்கிறது. கரை தானே எழுவதில்லை. ஈரநிலத்தைக் காப்பது குறித்த நம் ஆய்வுகள், அதைக் கட்டியவரின் வாழ்வாதாரத்திலிருந்து தொடங்கவேண்டும்.