டயானா: மூச்சு வாங்காத படகு

நீராவிப் போர்க்கப்பல் என்றதும் வரலாறு படிக்கிறவர்கள் பெரும்பாலும் 'நெமசிஸ்' பெயரைத்தான் சொல்வார்கள். அபினிப் போரில் சீனாவைக் கலங்கடித்த இரும்புக் கப்பல் அது. ஆனால் அதற்கு 15 வருஷத்துக்கு மேல் முன்னாடியே, கல்கத்தாவில் கட்டிய ஒரு சின்ன மரக்கப்பல் பர்மாவில் போருக்குப் போய்விட்டது. அதன் பெயர் டயானா.

1823-ல் கிதர்பூர் கப்பல் துறையில் தண்ணீரில் இறக்கினார்கள். எடை சுமார் 130 டன். இங்கிலாந்தில் செய்த, 16 குதிரைத்திறன் கொண்ட இரண்டு எஞ்சின்கள். பக்கத்துக்கு ஒரு துடுப்புச் சக்கரம். அந்தக் காலக் குதிரைத்திறனும் இன்றைய கணக்கும் ஒன்றல்ல. ஆனாலும் நம்மூர் டிராக்டர் ஒன்றை நினைத்துக்கொண்டால் தப்பில்லை. போருக்கென்று கட்டியதும் இல்லை. ஹூக்ளி ஆற்றில் பாய்மரக் கப்பல்களை இழுத்து வரும் வேலைதான் அதற்கு.

1824-ல் கம்பெனிக்கும் பர்மிய அரசுக்கும் போர் மூண்டது. மே 11 அன்று பிரிட்டிஷ் படை ரங்கூனைப் பிடித்தது. சண்டையே இல்லாமல் கிடைத்த ஊர். ஆனால் அங்கே ஆளும் இல்லை, அரிசியும் இல்லை, ஆற்றில் ஏற படகும் இல்லை. மக்களையும் படகுகளையும் பர்மியர்கள் முன்கூட்டியே அப்புறப்படுத்தியிருந்தார்கள். கூடவே மழைக்காலம் வேறு. ஐராவதி புரண்டு ஓடுகிறது; எதிர்நீரோட்டத்தில் பாய்மரம் என்ன செய்யும்?

கடற்படை அதிகாரி ஃபிரெடரிக் மாரியட், பின்னாளில் நாவலாசிரியராகப் பேர் வாங்கியவர், நீராவிப் படகு வேண்டும் என்று வற்புறுத்தினார். டயானா வந்தது. அதில் சில சின்ன பீரங்கிகள், காங்கிரீவ் ராக்கெட்டுகள்.

பர்மியப் போர்ப்படகுகள் சாதாரணமானவை அல்ல. நீளமானவை, பெரிய படகு ஒன்றில் நூறு பேர் வரை துடுப்புப் போடுவார்கள். கொஞ்ச தூரத்துக்கு அவற்றின் வேகம் அபாரம். ஆனால் மனுஷன் களைப்பான். எஞ்சினுக்கு விறகு இருந்தால் போதும், மூச்சு வாங்காது. டயானா மெதுவாகத் துரத்தியே அவற்றைப் பிடித்தது. அதன் பீரங்கியைவிடப் பெரிய ஆயுதம் இதுதான். 1825-ல் தனுபியூ சண்டையிலும் அது இருந்தது. அங்கேதான் பர்மியத் தளபதி மகா பந்துலா ஏப்ரல் 1 அன்று மாண்டார்.

1826 பிப்ரவரி 24 அன்று யாண்டபோவில் ஒப்பந்தம். அசாம், மணிப்பூர், அரக்கான், தெனாசரிம் எல்லாம் பர்மாவின் கையை விட்டுப் போயின. தண்டத்தொகை ஒரு கோடி ரூபாய்.

'நீராவிதான் போரை ஜெயித்தது' என்று எழுதுவது சுலபம். எனக்கு அது அரை உண்மையாகத்தான் படுகிறது. இந்தப் போருக்குப் போன சுமார் 40,000 பேரில் 15,000 பேர் திரும்பவில்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பெரும்பாலோரைக் கொன்றது எதிரி இல்லை. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் சரியில்லாத சாப்பாடும்தான். ரங்கூன் வழியாகப் போன இந்தியச் சிப்பாய்களில் மிகப் பலர் மெட்ராஸ் படையினர். அதாவது நம்ம பக்கத்து ஆட்கள். படகு களைக்கவில்லை, சரி. ஆனால் அந்த ஒரே படகால் இத்தனை பேருக்கும் அரிசி கொண்டுவர முடியவில்லையே! கப்பலின் பெயர் நமக்குத் தெரிகிறது. அந்தச் சிப்பாய்களில் எத்தனை பேர் பெயர் தெரியும்?

போர் முடிந்த அதே வருஷம் ஜான் கிராஃபர்ட் தூதராக ஆவாவுக்குப் போனதும் டயானாவில்தான். திரும்பும்போது ஆற்றில் தண்ணீர் வற்றி, கப்பல் தரைதட்டிவிட்டது. காத்திருந்த நாட்களில் யெனாஞ்சாங் பக்கம் கல்லாகிப்போன பழைய விலங்குகளின் எலும்புகளைச் சேகரித்தார்கள். அவை லண்டன் போய், வில்லியம் பக்லேண்ட் போன்றவர்கள் ஆராய்ந்து எழுதினார்கள்.

1835-ல் டயானாவை உடைத்துவிட்டார்கள். 12 வருஷ ஆயுசு. நூறு துடுப்புகளைக் களைக்க வைத்த கப்பலைக் கடைசியில் நிறுத்திக் காட்டியது, ஐராவதியின் ஒரு மணல்திட்டு.