வார்னாவில் கிடைத்த அரைப் புள்ளி

சதுரங்க ஆட்டமொன்று சமனில் முடிந்தது என்று கேட்டதும், ஆடிய இருவரும் அஞ்சி ஒதுங்கிவிட்டனர் போலும் என்றே நம்மில் பலர் எண்ணுவோம். 1962-ஆம் ஆண்டு பல்கேரிய நாட்டுக் கருங்கடற்கரையிலுள்ள வார்னா நகரில், ஒலிம்பியாடு போட்டியில் ஆடப்பட்ட ஓர் ஆட்டத்தை அறிந்தவர் அவ்வாறு எண்ணமாட்டார்.

வெள்ளைக் காய்களை ஆடியவர் சோவியத் நாட்டின் மிகைல் போட்வின்னிக். அந்நாளைய உலக வாகையர், வயது 51, மின்பொறியியல் பயின்றவர். எதையும் வீட்டிலேயே ஆராய்ந்துகொண்டு வருவது அவர் வழக்கம். எதிரே அமர்ந்தவர் அமெரிக்க இளைஞர் பாபி ஃபிஷர், வயது 19. இவ்விருவரும் வாழ்நாளில் எதிரெதிரே அமர்ந்து ஆடியது இந்த ஓர் ஆட்டமே.

போட்வின்னிக் முன்னரே ஆராய்ந்து வைத்திருந்த வழியிலேயே ஆட்டம் சென்றது. 17-ஆம் நகர்த்தலில் அவருடைய காலாள் ஃபிஷரின் ராணியைத் தாக்கிற்று. ஃபிஷர் அந்த ராணியைக் கொண்டே வேறொரு காலாளை வெட்டினார்! ராணியை வெள்ளை மந்திரி வெட்டிவிடுமே என்று பார்ப்பவர் திகைப்பர். வெட்டத்தான் செய்தது, ஆனால் மறுகணமே கறுப்புக் குதிரை வெள்ளை ராணியை வெட்டிவிட்டது. வாகையரின் வீட்டு ஆராய்ச்சியில் இந்த ஒரு நகர்த்தல் விடுபட்டிருந்தது. அவர் ஒரு காலாள் குறைந்து நின்றார்.

45 நகர்த்தல்கள் ஆனபின், அக்கால வழக்கப்படி ஆட்டம் மறுநாளைக்கு ஒத்திவைக்கப்பெற்றது. பலகையில் ஆளுக்கொரு யானை. ஃபிஷருக்குக் காலாள் நான்கு, போட்வின்னிக்குக்கு மூன்று. தோல்வி நெருங்கிவிட்டதாகவே தோன்றிற்று.

அன்றிரவு சோவியத் அணியினர் அந்நிலையை ஆராய்ந்தனர். வழி கண்டவர் எஃபிம் கெல்லர். குறைவாக உள்ள காலாட்களைக் காப்பாற்ற முயல்வதுதானே இயல்பு? கெல்லரோ, இடக்கோடியிலுள்ள காலாளை ஃபிஷர் எடுத்துக்கொள்ளட்டும், நம் யானை வலக்கோடிக்குச் சென்று அங்குள்ள கறுப்புக் காலாளை எடுக்கட்டும் என்றார். இதனால் ஃபிஷருக்கு இடப்புறம் இணைந்த இரு காலாட்கள் தடையின்றிக் கிடைத்துவிடும்! கேட்பதற்கே அச்சம் தரும் யோசனைதான். மறுநாள் போட்வின்னிக் அதனையே ஆடினார்.

51-ஆம் நகர்த்தலில் ஃபிஷர் அவ்விரண்டில் ஒன்றை முன்னே தள்ளினார். உடனே போட்வின்னிக் தம் வலக்கோடிக் காலாளைப் பலியாக முன்னிறுத்தினார். ஃபிஷர் அதனை வெட்டவே வழி திறந்தது. வெள்ளை யானை அரசனுக்கு முற்றுகை வைத்து, முன்னேறிய காலாளையும் கவர்ந்துகொண்டது. ஃபிஷரிடம் எஞ்சியவை இரண்டு கோடிகளிலும் ஒவ்வொரு காலாள். வலக்கோடியை வெள்ளை அரசன் மறித்து நின்றான். வெள்ளையின் ஒரே காலாளோ ஆறாம் வரிசைவரை ஏறிவிட்டது. 68-ஆம் நகர்த்தலோடு ஆட்டம் சமனாயிற்று.

வழக்கு அத்துடன் தீரவில்லை. 1969-இல் வெளிவந்த தம் நூலில் ஃபிஷர், 51-ஆம் நகர்த்தலில் காலாளைத் தள்ளாமல் அரசனை இடப்புறம் நகர்த்தியிருந்தால் வெற்றி தமதே என்று வாதித்தார். போட்வின்னிக் மறுத்தார். ஆட்டத்தில் தப்பியவர் வாதத்தில் தோற்க விரும்பவில்லை போலும்! பின்னர்த் தம் சதுரங்கப் பள்ளி மாணவர்களுக்கும் இந்நிலையை ஆராயக் கொடுத்தார். விடையைக் காட்டிலும் வழியையே பார்க்கும் ஆசிரியத் தொழிலில் இருந்த எனக்கு, அவர் செய்தவற்றுள் மிகவும் பிடித்தது இதுவே. ஃபிஷர் காட்டிய வழியிலும் வெள்ளை தப்பும் என்று, ஏறத்தாழப் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் கண்டு சொன்னான். அவன் பெயர் காரி காஸ்பரோவ். வார்னாவில் அவ்விருவரும் கைகுலுக்கிய நாளில் அவன் பிறந்திருக்கவில்லை. பிறந்தது 1963 ஏப்ரலில்.