ஹைதராபாத்தின் இரண்டு விமான நிலையங்களும் வீட்டுக் கணினியின் வான்வெளியும்

2008 மார்ச் 23 ஞாயிற்றுக்கிழமை, நள்ளிரவைத் தாண்டிய கணத்தில், ஹைதராபாத் நகரின் பயணிகள் விமானப் போக்குவரத்து பேகம்பேட்டையிலிருந்து ஷம்ஷாபாதுக்கு மாறியது. நிஜாம் ஆட்சியில் 1930-களில் உருப்பெற்று, பின்னர் டெக்கான் ஏர்வேஸின் தளமாக விளங்கிய பேகம்பேட்டை, ஒரே இரவில் பயணிகள் சேவையை இழந்தது. 'எச்.ஒய்.டி.' என்னும் மூன்றெழுத்துக் குறியீடும் புதிய நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது, பழையதற்கு 'பி.பி.எம்.' என வேறொன்று வாய்த்தது. நகரின் வடமேற்கு விளிம்பிலுள்ள ராமச்சந்திராபுரத்துக்காரருக்கு, நேர்கோட்டில் சுமார் 20 கிலோமீட்டரில் இருந்த விமான நிலையம் 30 கிலோமீட்டருக்கு அப்பால் சென்றுவிட்டது.

ஆனால் அதே ராமச்சந்திராபுரத்தில் தம் வீட்டு மேசையில் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரை இயக்கியவருக்கு அந்த இடமாற்றம் நிகழவேயில்லை. 2003-இல் வெளியான பதிப்பிலும் 2006 அக்டோபரில் வெளியான 'எக்ஸ்' பதிப்பிலும் ஹைதராபாத் என்றால் பேகம்பேட்டைதான். மென்பொருளை உருவாக்கிய ஏசஸ் ஸ்டுடியோவை மைக்ரோசாஃப்ட் 2009 ஜனவரியில் மூடிவிட்டது. உலகம் முழுவதையும் உள்ளடக்கிய அதன் அடுத்த சிமுலேட்டர் 2020 ஆகஸ்டில்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பள்ளத்தை நிரப்பியவை 'மூன்றாம் தரப்பு' எனப்படும் வழிசெலுத்தல் தரவுகள். பொழுதுபோக்காளர்களின் சிறு சங்கடமாகத் தோன்றும் இச்செய்தியின் அடியில், ஓர் இடத்தின் அமைவிடம் யாருக்குச் சொந்தம் என்ற பழைய கேள்வி கிடக்கிறது. வரலாற்று மாணவர்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

'மூன்றாம் தரப்பு' என்ற சொல்லையே சற்று நின்று பார்க்கலாம். மென்பொருள் நிறுவனம் முதல் தரப்பு, வாங்குபவர் இரண்டாம் தரப்பு, இடையில் வந்து தரவு விற்பவர் மூன்றாம் தரப்பு. நிலத்தை அளந்து ஓடுதளத்தின் அமைவிடத்தை முதன்முதலில் பதிவுசெய்த அரசு இக்கணக்கில் எங்கும் இல்லை. வணிகத்தின் பார்வையிலிருந்து பிறந்த சொல் அது.

வான்வழித் தரவின் வணிகம் ஒரு கைக்குறிப்பேட்டில் தொடங்கியது. அமெரிக்காவில் அஞ்சல் விமானம் ஓட்டிய எல்ரே ஜெப்பசன், இறங்குதளங்களின் சரிவு, தடைகள், மலைகளின் உயரம் ஆகியவற்றைத் தமக்காகக் குறித்துவைத்தார். சக விமானிகள் படி கேட்கவே, 1934-இல் அதை விற்கத் தொடங்கினார். 1970-களில் விமானங்களுக்குள் கணினி புகுந்தபோது, காகிதத்தில் இருந்த வான்வழிகள் 132 எழுத்துருக்கள் கொண்ட வரிகளாக மாறின. ஏரின்க் 424 என்னும் அந்தத் தரநிலை இன்றும் நடப்பிலுள்ளது. இதற்கு முன்பே, மாற்றங்கள் எந்நாளில் நடைமுறைக்கு வரவேண்டும் என்பதைப் பன்னாட்டுப் பயணிகள் வான்போக்குவரத்து அமைப்பு ஒழுங்குபடுத்தியிருந்தது. 28 நாளுக்கொருமுறை, எப்போதும் ஒரு வியாழக்கிழமையன்று, உலகெங்கும் ஒரே நாளில் தரவு புதுப்பிக்கப்படும். இதுவே ஏராக் சுழற்சி. ஆண்டுக்குப் பதின்மூன்று, எப்போதாவது, 2020-ஐப் போல, பதினான்கு.

இந்தச் சுழற்சியில் ஹைதராபாத்தைப் பொருத்திப் பார்ப்பது சுவையானது. 2008-இல் ஏராக் நாட்கள் ஜனவரி 17, பிப்ரவரி 14, மார்ச் 13, ஏப்ரல் 10. ஷம்ஷாபாத் நிலையம் மார்ச் 14-இல் திறந்துவைக்கப்பட்டு, 16-இல் இயங்கத் தொடங்குவதாக இருந்தது. தரைச் சேவைக் கட்டணம் தொடர்பாக விமான நிறுவனங்கள் எழுப்பிய எதிர்ப்பினால் அது 23-க்குத் தள்ளிப்போனது. மார்ச் 13-ஆம் நாள் சுழற்சியின் நடுவிலேயே நகரம் தன் விமான நிலையத்தை மாற்றிக்கொண்டது. உலகம் 28 நாள் தாளத்தில் இயங்கினாலும், அரசியலும் கட்டணத் தகராறும் அத்தாளத்துக்குக் கட்டுப்படுவதில்லை.

இனி மையச் செய்திக்கு வருகிறேன். 2006 வரை உலகளாவிய வான்வழித் தரவு ஒன்று பொதுமக்களுக்குத் திறந்திருந்தது. அமெரிக்க அரசின் தேசியப் புவிசார் உளவு முகமை தொகுத்த 'டாஃபிஃப்' என்னும் கோப்பு அது. இராணுவப் பயன்பாட்டுக்காக உருவான அதில் உலகின் விமான நிலையங்கள், ஓடுதளங்கள், வானொலி வழிகாட்டிகள், வான்வழிகள் எல்லாம் இருந்தன. எக்ஸ்-பிளேன், ஃபிளைட்கியர் போன்ற சிமுலேட்டர்களின் தரவுத் தொகுப்பாளர்கள் அதிலிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டனர். 2004 நவம்பரில் அதைப் பொதுவெளியிலிருந்து விலக்கப்போவதாக முகமை அறிவித்தது. 2006 அக்டோபரில் விலக்கியது. பாதுகாப்பும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. எனினும், பிற நாடுகள் தத்தம் தரவுக்கு அறிவுசார் சொத்துரிமை கோரத் தொடங்கியதே முதன்மைக் காரணம் என்றும், அவற்றுள் ஆஸ்திரேலியாவின் கோரிக்கையே முன்னின்றது என்றும் பரவலாகச் சுட்டப்படுகிறது. அமெரிக்காவுக்குள்ளான தரவு இன்றும் இலவசம். அமெரிக்கர் அல்லாதோரின் உலகம் மட்டும் மூடப்பட்டது.

ஷம்ஷாபாத் திறந்தது அதன்பின் பதினேழு மாதங்கள் கழித்து. பெங்களூரு தேவனஹள்ளி மேலும் இரண்டு மாதங்கள் கழித்து, 2008 மே 24-இல். தென்னிந்தியாவின் இரு பெருநகரங்கள் தம் விமான நிலையங்களை இடம்மாற்றிய ஆண்டில், அம்மாற்றத்தை இலவசமாக உலகுக்குச் சொல்லக்கூடிய கோப்பு இல்லாமற்போயிருந்தது. இந்தத் தற்செயலின் விலையைக் கொடுத்தவர்கள் வீட்டு விமானிகள்.

எஞ்சிய வழி சந்தா. சுவீடனின் நேவிகிராஃப், ஜெர்மனியின் ஏரோசாஃப்ட் போன்ற நிறுவனங்கள், ஜெப்பசன், லுஃப்தான்சா சிஸ்டம்ஸ் முதலிய பெருநிறுவனங்களின் தரவை உரிமம் பெற்று, சிமுலேட்டருக்கேற்ற வடிவில் விற்றன. ஆனால் 'எக்ஸ்' பதிப்பில் இது முழுத் தீர்வாகவில்லை. சந்தாத் தரவு தனியாக வாங்கிச் சேர்த்த போயிங் 737 போன்ற விமானத்தின் பறப்பு மேலாண்மைக் கணினிக்குள் மட்டுமே செல்லும். ஓடுதளத்தின் காட்சியும், இறக்க வழிகாட்டியின் வானொலி அலையும் சிமுலேட்டரின் சொந்த நிலக்காட்சிக் கோப்புகளில் உறைந்துகிடக்கும். ஆகவே விமானத்தின் கணினி ஷம்ஷாபாதை அறியும். வானொலிக் கருவி அறியாது. சன்னலுக்கு வெளியே வெறும் தக்காணத்து வெட்டவெளி. நிலக்காட்சியைத் தனியே தேடி நிறுவினால்தான் மூன்றும் இசையும். நிகழ்நிலையில் விமானிகளையும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களையும் இணைக்கும் வாட்சிம் வலையமைப்பு 2001 முதல் இயங்குகிறது. அங்கே கட்டுப்பாட்டாளர் நடப்புத் தரவின்படி வழிசொல்வார்; பழைய தரவை வைத்திருப்பவர் கேட்டுக்கொண்டு திகைத்து நிற்பார்.

வரலாற்றில் இன்னும் பின்னோக்கிப் போக வேண்டும். ஏனெனில் இந்த அமைவிடங்களின் அடித்தளமே நம் மண்ணில் இடப்பட்டது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலை அருகே, இன்றைய மீனம்பாக்கம் ஓடுதளத்தின் பக்கத்திலேயே எனலாம், தம் முதல் அடிக்கோட்டை அளந்தார். அந்த முக்கோண வலை வடக்கே ஏறி, 1815-இல் நிஜாமின் ஆட்சிப்பகுதியான பீதரை எட்டியது. அங்கேயும் ஓர் அடிக்கோடு அளக்கப்பட்டது. ராமச்சந்திராபுரத்தைக் கடந்து மேற்கே செல்லும் மும்பை நெடுஞ்சாலையில் ஜஹீராபாத் சென்று வடக்கே திரும்பினால் பீதர்தான். அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் கணித்த 1830-ஆம் ஆண்டு நீள்கோளமே இந்திய வரைபடங்களின் அடிப்படையாயிற்று.

அது நம் நிலத்துக்கு மட்டும் பொருந்த வார்த்த அச்சு. செயற்கைக்கோள் காலத்தின் டபிள்யூ.ஜி.எஸ். 84 முறையோடு ஒப்பிட்டால், ஹைதராபாத் பகுதியில் ஒரே புள்ளியின் அமைவிடம் நூறு மீட்டருக்கும் மேல் வேறுபடும். ஷம்ஷாபாத் ஓடுதளத்தின் அகலம் 60 மீட்டர். எந்த அளவுகோலில் எழுதப்பட்டது என்று அறியாமல் எண்களை மட்டும் கடன்வாங்கினால், சக்கரம் புல்லில்தான் இறங்கும். 1998 ஜனவரி 1 முதல் உலக வான்போக்குவரத்து இந்தப் புதிய முறைக்கு மாறியதற்கு இதுவே காரணம்.

பொதுப்பணத்தில், பலர் காய்ச்சலில் மடிந்த கள அளவீட்டில் பிறந்த அறிவு இது. இந்திய விமான நிலைய ஆணையம் வெளியிடும் வான்போக்குவரத்துத் தகவல் தொகுப்பை இன்று எவரும் இணையத்தில் படிக்கலாம். 2021 பிப்ரவரி 15-இல் புவிசார் தரவுக்கான விதிகளும் பெரிதும் தளர்த்தப்பட்டன. ஆனால் அத்தொகுப்பின் பக்கங்களை விமானக் கணினி புரிந்துகொள்ளும் வரிகளாக மாற்றுவது கடும் உழைப்பு, பிழை பொறுக்காதது. அவ்வுழைப்புக்கு விலை கேட்பதில் எனக்கு மறுப்பில்லை. ஓடுதளம் எங்கே இருக்கிறது என்ற உண்மைக்கே உரிமை கோருவது வேறு. 2006-இல் நிகழ்ந்தது அதுதான். அந்த உழைப்பின் மதிப்பு எவ்வளவு என்பதற்கும் சான்று உண்டு. 2000-இல் 150 கோடி டாலருக்கு ஜெப்பசன் நிறுவனத்தை வாங்கிய போயிங், 2025-இல் அதை உள்ளடக்கிய மென்பொருள் வணிகத்தை 1,055 கோடி டாலருக்கு விற்பதாக அறிவித்தது.

ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். 28 நாளுக்கொருமுறை புதுப்பிக்கப்படும் தரவில், பழையது குப்பை. 2008 மார்ச்சுக்கு முந்தைய ஹைதராபாத் வான்வெளியின் வழிகள், இறக்கமுறைகள் எப்படி இருந்தன என்று இன்று கேட்டால், நடப்புத் தரவு எதுவும் சொல்லாது. அவ்வான்வெளியை இயக்கிப்பார்க்கத்தக்க வடிவில் வைத்திருப்பவை திருத்தப்படாத அந்தப் பழைய சிமுலேட்டர் குறுந்தகடுகளும், யாரோ அழிக்க மறந்த ஏராக் கோப்புகளுமே. பேகம்பேட்டை, பெங்களூரு எச்.ஏ.எல். ஆகியவற்றின் 2008-க்கு முந்தைய தரவு எவரிடமேனும் இருந்தால், சுழற்சி எண்ணோடு பின்னூட்டத்தில் தெரிவியுங்கள். ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.