ரீல் டேப்பில் பேய்க்குரலா? தூக்கிப் போடாதீங்க!

1/ பழைய ரீல் டேப்பை மெஷினில் மாட்டுறீங்க. தாத்தா குரல் கேட்குது. கூடவே இன்னொரு குரல் புரியாத மொழியில் உளறுது. "டேப் கெட்டுப்போச்சு"ன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி இந்த இழையைப் படிங்க.

2/ 1935-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஜெர்மனியின் ஏஇஜி நிறுவனம் மேக்னடோஃபோன் என்ற டேப் ரெக்கார்டரைக் காட்டியது. போருக்குப் பிறகு ஜாக் முல்லின் அதில் இரண்டை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். அதைப் பார்த்து 1948-ல் ஆம்பெக்ஸ் கம்பெனி தன் மெஷினை விற்பனைக்கு விட்டது. அப்போ டேப்பின் முழு அகலத்துக்கும் ஒரே தடம்தான்.

3/ ஆனா டேப் சீக்கிரம் தீர்ந்துடும். 1200 அடி ரீல், நொடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓடினால் 32 நிமிஷம்தான். அதனால் வந்தது அரைத்தடம்: கால் அங்குல டேப்பின் ஒரு பாதியில் பதிந்துவிட்டு, ரீலைத் திருப்பி மாட்டி மறுபாதியில் பதியலாம். அதே ரீலில் 64 நிமிஷம்!

4/ 1954-ல் ஆர்சிஏ விக்டர் ஸ்டீரியோ டேப் வெளியிட்டது. இடது ஒலிக்கு ஒரு பாதி, வலதுக்கு ஒரு பாதி. திருப்பிப் போட இடமில்லை. மறுபடி 32 நிமிஷம். அதனால் 1950-களின் கடைசியில் கால்தடம் வந்தது. போகும்போது 1, 3. திருப்பிப் போட்டால் 2, 4. ஒரு தடத்தின் அகலம் சுமார் 1 மில்லிமீட்டர்தான்.

5/ சிக்கல் இங்கேதான். கால் அங்குல டேப்பில் தடம் எந்த வகையானாலும் மெஷினில் ஓடும். ஆனா இரண்டு பக்கமும் பதிந்த கால்தட டேப்பை அரைத்தட மெஷினில் போட்டால், அதன் அகலமான ஹெட் 1, 2 இரண்டையும் சேர்த்துப் படிக்கும். இரண்டாவது தடம் பின்னோக்கி ஓடும். அதுதான் உங்க பேய்! கால்தட மெஷினில் போட்டால் சரியாகிடும்.

6/ நேர்மாறாகவும் நடக்கும். அரைத்தட மோனோ டேப்பைக் கால்தட ஸ்டீரியோவில் போட்டால் இடது பக்கம் ஒழுங்கா பேசும், வலது பக்கம் உளறும். வலதை அணைச்சுட்டுக் கேளுங்க, போதும்.

7/ ஒரே எச்சரிக்கை: சோதிச்சுப் பார்க்கிறேன்னு ரெக்கார்ட் பட்டனைத் தொடாதீங்க. அரைத்தட மெஷின், கால்தட டேப்பின் இந்தப் பக்கத்தோடு திருப்பிப் போட்டுப் பதிஞ்ச அந்தப் பக்கத்தையும் அழிச்சிடும். போன குரல் திரும்பாது.

8/ எங்க தொழிலில் ஒருத்தர் இறந்துட்டார்னு எழுதுறதுக்கு முன்னாடி நாடியை இன்னொரு தடவை பார்ப்போம். தாத்தாவோட டேப்புக்கும் அந்த ஒரு தடவையைக் கொடுங்க.