வெஸ்பா வகை ஸ்கூட்டரின் கார்புரேட்டர்: வரலாறும் கோளாறு கண்டறிதலும்

வெஸ்பா வகை ஸ்கூட்டர் என்பது இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 1946-இல் அறிமுகப்படுத்திய வெஸ்பாவையும், அதே அமைப்பைப் பின்பற்றிப் பிற நாடுகளில் தயாரான வண்டிகளையும் குறிக்கும். இந்தியாவில் பஜாஜ் சேத்தக் இவ்வகையில் மிகவும் புகழ்பெற்றது. இவ்வண்டிகளில் பெட்ரோல் செல்லும் வழி முழுவதும் உடற்பகுதிக்குள் மறைந்திருக்கிறது. அதனால் கோளாறைக் கண்ணால் பார்ப்பதைவிட அறிகுறிகளைக் கொண்டு ஊகிப்பதே இவற்றைப் பழுதுபார்ப்பதன் அடிப்படையாக அமைந்தது.

தோற்றம்

இரண்டாம் உலகப் போரில் பியாஜியோவின் பொந்தெதேரா விமானத் தொழிற்சாலை குண்டுவீச்சில் அழிந்தது. போர் முடிந்ததும் மலிவான வாகனம் ஒன்றைத் தயாரிக்க என்ரிக்கோ பியாஜியோ முடிவெடுத்தார். அதை வடிவமைக்கும் பொறுப்பு விமானப் பொறியாளரான கொர்ராதினோ தாஸ்கானியோவிடம் வந்தது. ஓட்டுபவரின் உடையில் எண்ணெய்க் கறை படியக்கூடாது என்று கருதிய தாஸ்கானியோ, என்ஜினைப் பின்சக்கரத்தின் வலப்பக்கத்தில் வைத்துத் தகட்டு மூடியால் மறைத்தார். சங்கிலி இல்லாமல் கியர்களே சக்கரத்தைச் சுழற்றின. பெட்ரோல் தொட்டி இருக்கைக்குக் கீழே இடம்பெற்றது.

கார்புரேட்டர்களை டெல்லோர்ட்டோ நிறுவனம் வழங்கியது. 1933-இல் தொடங்கப்பட்ட இதுவும் இத்தாலிய நிறுவனமே. 1950-களின் இறுதியில் பெரிய வெஸ்பாக்களில் எஸ்ஐ வகைக் கார்புரேட்டர் வந்தது. இது காற்று வடிகட்டியுடன் ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கி, என்ஜின் மேல் நேரடியாகப் பொருந்தியிருக்கும். 20 மில்லிமீட்டர் துளை கொண்ட '20/20' இதில் பரவலான அளவு.

எரிபொருள் செல்லும் வழி

இவ்வண்டிகளில் பெட்ரோலுக்குத் தனிப் பம்ப் கிடையாது. தொட்டி உயரத்தில் இருப்பதால் பெட்ரோல் தானே கீழிறங்குகிறது. முதலில் தொட்டிக் குழாய் வரும். இத்தாலிய வண்டிகளில் அதன் மூன்று நிலைகள் ஏ (திறப்பு), சி (மூடல்), ஆர் (ரிசர்வ்) என்று குறிக்கப்பட்டிருந்தன. அடுத்து ரப்பர் ஹோஸ். அதன்பின் கார்புரேட்டரின் வாயிலில் உள்ள வலை வடிகட்டி. பிறகு மிதவை அறை. அங்கே ஒரு மிதவை ஊசி வால்வைத் திறந்து மூடிப் பெட்ரோல் மட்டத்தைக் காக்கிறது. கடைசியாக ஜெட்கள் எனப்படும் நுண்துளைத் திருகுகள் வழியாகப் பெட்ரோல் காற்றுடன் கலக்கிறது.

இவை இரண்டடி என்ஜின்கள். எண்ணெய் பெட்ரோலிலேயே கலக்கப்படுகிறது. தொடக்ககால வெஸ்பாக்களுக்கு ஏறத்தாழ 5 சதவீத எண்ணெய் தேவைப்பட்டது. எஸ்ஐ கார்புரேட்டர் வந்த காலத்தில் அறிமுகமான சுழல்வால்வு அமைப்பு அதை 2 சதவீதமாகக் குறைத்தது. அதாவது ஒரு லிட்டருக்கு 20 மில்லிலிட்டர்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பெட்ரோல் குறைவாகச் சென்றால் எண்ணெயும் குறைவாகவே செல்லும். காற்று மிகுந்த கலவை என்ஜினைச் சூடாக்கும் அதே நேரத்தில் உயவும் குறைகிறது. முடிவில் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடிக்கும். இதையே மெக்கானிக்குகள் 'சீஸ்' ஆகிவிட்டது என்பர். ஓடும் வண்டியில் இது நேர்ந்தால் பின்சக்கரம் சட்டென்று நின்றுவிடும். உடனே கிளட்சைப் பிடிக்காவிட்டால் ஓட்டுபவர் விழ நேரிடும்.

இந்தியாவில்

1948-இல் பஜாஜ் குழுமம் வெஸ்பாக்களை இறக்குமதி செய்து விற்கத் தொடங்கியது. 1959-இல் இந்தியாவிலேயே தயாரிக்க அரசின் உரிமம் கிடைத்தது. பியாஜியோவுடனான ஒப்பந்தம் 1971-இல் முடிவுற்றபின், 1972-இல் சேத்தக் என்ற பெயரில் அதே அமைப்பு தொடர்ந்தது. உற்பத்திக்கு அரசு வரம்பு விதித்திருந்த காலம் அது. முன்பதிவு செய்தவர்கள் வண்டிக்குப் பல ஆண்டுகள் காத்திருந்தனர். அவ்வளவு அரிதாகக் கிடைத்த வண்டி இருபது, முப்பது ஆண்டுகள் ஓட வேண்டியிருந்தது. எனவே கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வது தெருமுனைப் பட்டறைகளின் அன்றாட வேலையானது. வண்டி வைத்திருந்தவர்களும் பிளக்கைக் கழற்றித் துடைக்கக் கற்றுக்கொண்டனர்.

காலையில் வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, நிமிர்த்தி, பிறகு உதைக்கும் வழக்கமும் இக்காலத்தில் பரவியது. சாய்க்கும்போது மிதவை அறையிலுள்ள பெட்ரோல் ஜெட்களை எட்டும் என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஆனால் நாள்தோறும் சாய்த்தால்தான் கிளம்பும் என்றால், அடைத்த வடிகட்டியோ வேலை செய்யாத சோக்கோ கவனிக்கப்படாமல் இருக்கிறது என்று பொருள்.

கண்டறியும் முறை

முதல் கேள்வி, குறை பெட்ரோலிலா தீப்பொறியிலா என்பது. சில உதைகளுக்குப் பின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் விடை கிடைக்கும். பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்து தீப்பொறி இல்லையென்றால் பழுது பிளக், கண்டன்சர் அல்லது பாயிண்ட்டில் இருக்கலாம். கார்புரேட்டர் மீது போடப்படும் பழி பல நேரங்களில் இவற்றைச் சேர்ந்ததே.

குறை பெட்ரோல் வழியில்தான் என்று தெரிந்தால், தொட்டியிலிருந்து ஜெட் வரை வரிசையாகப் பார்ப்பதே முறை.

சில கிலோமீட்டர் ஓடி நின்று, சற்று ஓய்வுக்குப் பின் மீண்டும் கிளம்பும் வண்டியில் தொட்டி மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கலாம். மூடியைத் திறந்ததும் காற்று உள்ளிழுக்கும் ஓசை கேட்டால் அது உறுதி.

ஹோஸைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றி ஒரு பாட்டிலில் விட்டால் பெட்ரோல் சீராக ஒழுக வேண்டும். சொட்டினால் குழாயில் அழுக்கு சேர்ந்திருக்கலாம். தேவைக்கு மேல் நீளமான ஹோஸ் மடங்கியோ மேலெழுந்து வளைந்தோ பெட்ரோலைத் தடுப்பதும் உண்டு.

பெட்ரோல் வாடையும் கசிவும் இருந்து, பிளக் கறுத்து நனைந்திருந்தால் மிதவை ஊசி சரியாக மூடவில்லை. மிதவையைக் காதருகே ஆட்டும்போது உள்ளே திரவம் குலுங்கினால் அதில் ஓட்டை விழுந்திருக்கிறது.

சோக் இழுத்தால் மட்டுமே ஓடி, ஐட்லிங்கில் நின்றுவிட்டால் பைலட் ஜெட்டைச் சந்தேகிக்க வேண்டும். மெதுவாக நன்றாக ஓடி, முழு வேகத்தில் திணறினால் மெயின் ஜெட்டையும் பெட்ரோல் வரத்தையும் பார்க்க வேண்டும். ஜெட்டின் மேல் உள்ள எண் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகக் குறிக்கிறது. 100 என்றால் ஒரு மில்லிமீட்டர். கம்பியை விட்டுக் குடைந்தால் இத்துளை பெரிதாகிவிடும். எனவே காற்றை ஊதியே சுத்தம் செய்ய வேண்டும்.

ஆக்சிலரேட்டரை விட்டபின்னும் என்ஜின் வேகம் குறையாமல் இரைந்தால், கேஸ்கெட் அல்லது கிராங்க் ஆயில் சீல் வழியாகக் காற்று புகுகிறது. ஜெட்டை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. கவனிக்காமல் ஓட்டினால் என்ஜின் சீஸ் ஆகும் அபாயம் இதில்தான் அதிகம்.

எரிபொருள் மாறியபோது

பட்டறைகளில் உருவான இம்முறைக்குப் பின்னாளில் வந்த எரிபொருள் மாற்றங்கள் புதிய சிக்கல்களைச் சேர்த்தன. 1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமாகி, 2000-இல் நாடு முழுவதும் பரவியது. பிளக்கின் பழுப்பு நிறத்தைக் கொண்டு கலவையை மதிப்பிடும் பழைய வழக்கம் இதன்பின் முன்போல் துல்லியமாக இல்லை.

2003-இல் சில மாநிலங்களில் 5 சதவீத எத்தனால் கலப்பு தொடங்கியது. 2022-இல் அது 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு கொண்ட பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் நீர் பிரிந்து அடியில் தங்கி, கார்புரேட்டரின் உலோகத்தை அரிக்கலாம். பழைய ரப்பர் ஹோஸ்களும் வாஷர்களும் உப்பி மிருதுவாகின்றன. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை மெலிகிறது. கணினியால் இயங்கும் எரிபொருள் உட்செலுத்தி இதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டரால் அது முடியாது. மெக்கானிக்தான் ஜெட்டின் அளவை மாற்ற வேண்டும்.

இன்றைய நிலை

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் புதிய இருசக்கர வண்டிகளிலிருந்து கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அதே ஆண்டு சேத்தக் என்ற பெயரும் மின்சார ஸ்கூட்டராகத் திரும்பியது. புதிய வண்டிகளின் எரிபொருள் கோளாறுகளைக் கணினிக் குறியீடுகள் சொல்கின்றன. பழைய ஸ்கூட்டர்களைப் பாதுகாத்து ஓட்டுவோர் இன்றும் பிளக்கின் ஈரம், பெட்ரோலின் வாடை, என்ஜினின் ஓசை ஆகியவற்றைக் கொண்டே பழுதைக் கண்டறிகின்றனர்.