யாரோடு பேசுவது?

தொழிலாளர் சரித்திரம் என்றதும் நம்மில் பலருக்குக் கூலி உயர்வுதான் ஞாபகம் வருகிறது. பார்க்கப் போனால், கூலி இரண்டாம் பட்சம். அதைப் பற்றி யார் யாரோடு பேசுவது என்பதே முதல் சண்டை. பெரம்பூர் ஆலைகளின் கதை இதற்குச் சாட்சி.

பின்னி கம்பெனிக்குச் சேர்ந்த பக்கிங்ஹாம், கர்நாடிக் என்ற இரண்டு ஆலைகள் அங்கே இருந்தன. முதல் உலக யுத்த காலம். அரிசி விலை ஏறிக் கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிடைத்ததோ அரை மணி நேரம். அதற்குள் கை கழுவி, நாலு கவளம் விழுங்கி, கேட் மூடுவதற்குள் ஓடி வர வேண்டும். அந்த வட்டாரத்தில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரிடம், சாமான் வாங்க வந்தவர்கள் இந்தக் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டார்கள். செட்டியாரும் ராமாநுஜுலு நாயுடுவும் பக்தி சபை நடத்தியவர்கள். பிரசங்கம் நடந்த இடத்தில் சோற்று நேரத்தைப் பற்றிய பேச்சும் புகுந்தது. திரு.வி.க. வந்தார். அன்னி பெசன்ட் அம்மையாரின் கூட்டாளியான பி.பி. வாடியா வந்தார். 1918 ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது.

சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிஷம் கூட்டிக் கொடுப்பது கம்பெனிக்குப் பெரிய காரியமல்ல. வெளியார் ஒருவர் தொழிலாளர் சார்பில் வந்து எதிரே உட்காருவதைத்தான் பொறுக்க முடியவில்லை. 1920-ல் கதவடைப்பு வந்தது. டிசம்பரில் போலீஸ் துப்பாக்கி வெடித்தது. ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளரைத் தூண்டினார் என்று வாடியா முதலியோர் மேல் கம்பெனி வழக்குத் தொடுத்தது; ஹைகோர்ட்டு தடையுத்தரவு போட்டது. 1921 ஜனவரியில் ராஜி ஏற்பட்டபோது, வாடியா சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது.

அதே ஆண்டில் மறுபடியும் பெரிய வேலை நிறுத்தம். இந்த அத்தியாயத்தை மறைத்துவிட்டுச் சங்கத்தின் பெருமை பேசுவது எனக்குச் சம்மதமில்லை. ஆதி திராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. வேலை நிறுத்தம் தோற்றது. கம்பெனி பிரித்தாண்டது என்று சொல்லிவிடலாம். ஆனால், பிரிவினையைக் கம்பெனியா உண்டாக்கிற்று? சேரியென்றும் ஊரென்றும் முன்பே பிரிந்து கிடந்தவர்கள், ஆலை வாசலில் மட்டும் திடீரென்று ஒன்றாகிவிட முடியுமா? 'நாங்கள்' என்று சொல்கிற சங்கம், அந்தச் சொல்லுக்குள் யார் யார் அடங்குவார்கள் என்று முதலில் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாடியா வழக்கு வீண் போகவில்லை. சங்கம் அமைப்பதே ஆபத்து என்ற நிலையை மாற்ற என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் குரல் எழுப்பினார். 1926-ல் தொழிற் சங்கச் சட்டம் வந்தது. பதிவான சங்கத்தின் மேல் அப்படிப்பட்ட வழக்குப் போட முடியாதபடி அது காப்பு அளித்தது. ஆனால், சங்கத்தோடு முதலாளி பேசியே ஆகவேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை.

அந்த ஓட்டை வழியாகத்தான் பழைய கேள்வி திரும்பத் திரும்ப நுழைகிறது. பெரம்பூர் ஆலை 1996-ல் மூடிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சுங்குவார்சத்திரத்தில், குளிர்பதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் செய்யும் சாம்சங் தொழிற்சாலையில், 2024 செப்டம்பர் 9-ந் தேதி தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. சம்பளப் பேச்சும் இருந்தது. ஆனால் முட்டுக்கட்டையாக நின்றது சங்கத்தின் பதிவும் அங்கீகாரமுமே. 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. நூற்றாறு வருஷம் கழித்தும் அதே வழக்கு!

அங்காவது கேட் என்று ஒன்று இருக்கிறது. வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு போகும் ஒரு பிள்ளையிடம், "குறை இருந்தால் யாரிடம் சொல்வாய், தம்பி?" என்று கேட்டேன். "சொல்ல ஆள் இல்லை, சார். போனில் எழுதிப் போட்டால் பதில் வரும். அதுவும் ஆள் எழுதுவது மாதிரி தெரியவில்லை" என்றான். அவனைத் தொழிலாளி என்றும் அழைப்பதில்லை. 'பங்காளி' என்று கௌரவப் பெயர். லாபத்தில் பங்கில்லாத பங்காளி!

இத்தகையவர்களுக்கென 2023-ல் ராஜஸ்தான் ஒரு சட்டம் செய்தது. அதே வருஷம் தமிழ்நாட்டிலும் நல வாரியம் ஏற்பட்டது. நல்ல காரியங்கள். ஆயினும் உதவிப் பணம் வேறு, பேச்சுரிமை வேறு. விபத்தில் கால் ஒடிந்தால் பணம் வரும். கால் ஒடியும்படி ஓடச் சொல்லும் நேரக் கணக்கைப் பற்றி யாரோடு பேசுவது?

தறி போய்க் கணினி வந்துவிட்டதால் தொழிற் சங்கத்தின் காலம் முடிந்தது என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரை மணி நேரச் சோற்றுக்காகப் பெரம்பூரில் தொடங்கிய பேச்சு இன்னும் பாதியில்தான் நிற்கிறது.