சபையில் சொன்ன சொல்: சித்தூர் எல்லையும் அமைச்சர் அறிக்கைகளும்

சட்டம் இயற்றும் மன்றங்களில் அமைச்சர்கள் பேசும் பேச்சுப் பலவகைப்படும். அங்கத்தினர் கேட்ட வினாவுக்கு விடை கூறுவது ஒன்று. விவாதத்தில் தம் கட்சியை நிலைநாட்ட வாதாடுவது மற்றொன்று. மசோதாவை முன்வைத்து அதன் நோக்கத்தை விளக்குவது இன்னொன்று. இம்மூன்றிலும் அடங்காத நான்காவது வகை ஒன்றும் உண்டு. எவரும் வினவாதபோதே, சபாநாயகரின் இசைவு பெற்று, முன்னரே எழுதிச் சரிபார்த்த வாசகத்தைக் கையில் கொண்டு, ‘அரசின் முடிவு இது’ என்று அமைச்சர் சபையறிய உரைப்பதே அது. இதனையே அமைச்சரின் அறிக்கை என்று வழங்குகிறோம்.

இந்த அறிக்கைக்கு ஒரு தனி மரபு உண்டு. பொது முக்கியத்துவம் வாய்ந்த பொருள்பற்றி அமைச்சர் அறிக்கை செய்யலாம், ஆனால் அவ்வேளையில் வினா எழுப்பலாகாது என்பது லோக்சபையின் 372-ஆம் விதி. தமிழ்நாட்டுச் சட்டசபையில் இதற்கு நிகரான விதியின் எண் 110. அந்த எண்ணை அறியாத தமிழர் சிலரே இருப்பர். உலகின் பிற மன்றங்களில் வழக்கம் வேறு. 1707-ஆம் ஆண்டில் கலைந்து, ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் 1999-இல் மீண்டும் கூடிய ஸ்காட்லாந்துப் பார்லிமெண்டில், அமைச்சர் அறிக்கையைப் படித்து முடித்ததும் அங்கத்தினர்கள் எழுந்து வினாக்களைத் தொடுப்பர்; அமைச்சரும் நின்று விடை பகர்வார். நம் நாட்டில் லோக்சபையில் அறிக்கையைத் தொடர்ந்து மௌனம், அங்கே வினாக்கள். எனினும் இரு மரபுகளுக்கும் அடிப்படையான கருத்து ஒன்றே. அரசின் பெரிய முடிவை முதன்முதலில் கேட்கும் உரிமை மக்களின் பிரதிநிதிகளுக்கே உரியது.

அறிக்கை சட்டம் அன்று. அதற்கு வாக்கெடுப்பு இல்லை. அதனை மீறினால் தண்டனையும் இல்லை. அப்படியாயின் அதன் வலிமை யாது? இவ்வினாவுக்கு விடை காண நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. திருவேங்கட மலையைச் சூழ்ந்த சித்தூர் ஜில்லாவின் வரலாற்றைப் பார்த்தாலே போதும். மன்றத்தில் படிக்கப்பட்ட சில அறிக்கைகளால் தாம் எந்த ராஜ்யத்தின் குடிகள் என்பதையே அறிய நேர்ந்தவர்கள் அந்த ஜில்லாவின் மக்கள்.

சித்தூர் நகரம் முன்பு வட ஆர்க்காட்டு ஜில்லாவின் தலைநகராயிருந்தது. 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் சித்தூர் தனி ஜில்லாவாக அமைக்கப்பட்டது. வட ஆர்க்காட்டிலிருந்து சித்தூர், சந்திரகிரி, பலமனேர் முதலிய பகுதிகளும், கடப்பை ஜில்லாவிலிருந்து மதனபள்ளி, வாயல்பாடு ஆகியனவும், பல ஜமீன் நிலங்களும் இதில் இணைந்தன. வடமேற்கே தெலுங்கும் தென்கிழக்கே தமிழும் மேலோங்கி வழங்க, இடைப்பட்ட ஊர்களில் இரண்டும் ஒரே தெருவில் ஒலித்தன. சென்னை மாகாணம் ஒன்றாயிருந்த காலத்தில் இதனால் எவர்க்கும் இடர் இல்லை. நிலவரிக்காக வகுத்த ஜில்லாவின் எல்லை மொழியின் எல்லையாகவும் கொள்ளப்பட்டபோதுதான் சிக்கல் பிறந்தது.

திருவேங்கடத்தைத் தமிழகத்தின் வடவெல்லையாகத் தொல்காப்பியத்தின் பாயிரம் குறிக்கிறது. ஆழ்வார்கள் அம்மலையைப் பாடியிருக்கின்றனர். அதே மலையில் பதினைந்தாம் நூற்றாண்டில் தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் தெலுங்கில் கீர்த்தனங்களைப் பொழிந்தார். எனவே மலை எவர்க்குரியது என்ற வினா எழுந்தபோது, இரு தரத்தாரும் உள்ளன்போடுதான் வாதிட்டனர். ஒருவர் பொய்யர், மற்றவர் மெய்யர் என்று கூறிவிட இயலாத வழக்கு அது.

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் பொட்டி ஸ்ரீராமுலு தனி ஆந்திர ராஜ்யம் வேண்டிச் சென்னையில் உண்ணாநோன்பு தொடங்கினார். டிசம்பர் 15-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். ஆந்திரப் பகுதிகளெங்கும் கொந்தளிப்பு மூண்டது. நான்கே நாட்களில், டிசம்பர் 19-ஆம் நாள், பிரதம மந்திரி ஜவஹர்லால் நேரு லோக்சபையில் ஓர் அறிக்கை செய்தார். சென்னை ராஜ்யத்தின் தெலுங்கு வழங்கும் பகுதிகளைக் கொண்டு ஆந்திர ராஜ்யம் அமைக்கப்படும் என்றும், சென்னை நகரம் அதில் சேராது என்றும் அவ்வறிக்கை தெரிவித்தது. பொருளாதாரம் முதலிய விளைவுகளை ஆராய, இராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி வாஞ்சூ நியமிக்கப்பட்டார்.

வாஞ்சூவின் ஆய்வுரை 1953-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அளிக்கப்பட்டது. புதிய ராஜ்யத்தின் அரசு சில காலம் சென்னையிலிருந்தே நடைபெறலாம் என்ற கருத்து அதில் இருந்தது. தமிழர் தரப்பில் இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. முதல் அமைச்சர் இராஜாஜி இதனை ஏற்கவில்லை. ம. பொ. சிவஞானத்தின் தமிழரசுக் கழகம் தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம் என்று முழங்கியது. அந்நிலையில் மார்ச் 25-ஆம் நாள் நேரு பார்லிமெண்டில் இரண்டாம் அறிக்கையைச் செய்தார். ஆந்திரத்தின் தலைநகர் ஆந்திர எல்லைக்குள்ளேயே அமையும் என்பது அதன் ஒரு கூறு. சென்னைத் தமிழர் பெருமூச்சு விட்டனர்.

ஆயின் அதே அறிக்கையின் மற்றொரு கூறு சித்தூர்த் தமிழரின் மனத்தைக் கலக்கியது. டிசம்பர் அறிக்கை தெலுங்கு வழங்கும் பகுதிகள் என்று பொதுவாகப் பேசியது. மார்ச் அறிக்கையோ ஜில்லாக்களைப் பெயர் சொல்லி எண்ணியது. ஸ்ரீகாகுளம் முதலாக எண்ணி வந்த பதினோரு ஜில்லாக்களில் சித்தூரும் ஒன்று. பல்லாரி ஜில்லாவைப் பொறுத்தவரை தாலுகா தாலுகாவாகப் பிரித்துப் பார்த்த அரசு, சித்தூரை அவ்வாறு பிரித்துப் பார்க்கவில்லை. ஜில்லா முழுதும் ஆந்திரத்துக்கு என்றாயிற்று. திருத்தணியும் அத்துடன் சென்றது. ‘பகுதி’ என்ற சொல் ‘ஜில்லா’ என்ற சொல்லாக மாறிய இடத்திலேதான் எல்லைப் போராட்டத்தின் வேர் இருக்கிறது. அறிக்கையின் வாசகத்தைச் சொல் சொல்லாக எடைபோட வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அவ்வேளையில் மன்றங்களின் தலைமைப் பீடங்களில் அமர்ந்திருந்தோர் யார் என்று நோக்கின் வியப்பே மிகும். லோக்சபையின் உதவிச் சபாநாயகர் எம். அனந்தசயனம் ஐயங்கார். திருப்பதியை அடுத்த திருச்சானூரில் பிறந்து, 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் திருப்பதித் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். ராஜ்ய சபையின் தலைவர், உதவி ஜனாதிபதி சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். அவர் பிறந்த ஊர் திருத்தணி. எந்த ஜில்லாவின் தலைவிதி மன்றத்தின் முன் இருந்ததோ, அந்த ஜில்லாவின் மைந்தர் இருவர் மன்றங்களின் பீடங்களில் வீற்றிருந்தனர். பீடத்தில் அமர்ந்தவர் முதல் வாக்களிப்பதில்லை; இரு தரமும் சமமாகும்போதே அவர் வாக்கு உயிர் பெறும். நடுநிலைக்கு இம்மரபு தரும் மதிப்பு அத்தகையது.

ஆந்திர ராஜ்ய மசோதா சென்னைச் சட்டசபையின் கருத்துக்கு அனுப்பப்பட்டுப் பின்னர் பார்லிமெண்டில் நிறைவேறிற்று. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர ராஜ்யம் தோன்றியது. டங்குட்டூரி பிரகாசம் அதன் முதல் அமைச்சரானார். மார்ச்சில் சபையில் ஒலித்த சொல் அக்டோபரில் நிலப்படத்தில் கோடாக மாறியது.

இதற்கிடையே வட எல்லையில் கிளர்ச்சி ஓங்கியிருந்தது. தமிழாசிரியர் மங்கலங்கிழார் ஊர் ஊராகச் சென்று தமிழுணர்வை வளர்த்தார். திருத்தணியின் கே. விநாயகம் மக்களைத் திரட்டினார். ம. பொ. சி. சிறை புகுந்தார். அவர்களுடைய வேண்டுகோள் தெளிவானது: எல்லையைத் தனியாக ஆராய்ந்து தீர்க்க ஒரு நடுவர் வேண்டும். எல்லை பின்னர் ஆராயப்படும் என்ற நம்பிக்கையை மத்திய அரசும் அளித்தது. எனினும் ஆண்டுகள் சென்றன. 1955-இல் வெளியான ராஜ்யப் புனரமைப்புக் கமிஷனின் அறிக்கை, சென்னை, ஆந்திர அரசுகள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று இச்சிக்கலை விட்டுவிட்டது. முடிவில் மத்திய சட்ட அமைச்சராகப் பணியாற்றிய ஹரி விநாயக் படாஸ்கர் நடுவரானார்.

படாஸ்கர் கைக்கொண்ட முறை எளியது. அதுவே அதன் சிறப்பு. ஜில்லாவையோ தாலுகாவையோ அளவுகோலாகக் கொள்ளாமல், கிராமத்தை அலகாகக் கொண்டார். ஒரு கிராமத்தில் எந்த மொழி பேசுவோர் மிகுதி, அக்கிராமம் எந்த ராஜ்யத்தோடு நிலத்தால் தொடர்ந்திருக்கிறது என்னும் இரண்டையும் பார்த்தார். 1953-ஆம் ஆண்டு அறிக்கையில் ‘ஜில்லா’ என்ற சொல் செய்த பிழையை ‘கிராமம்’ என்ற சொல் ஓரளவு திருத்தியது எனலாம்.

அவர் தீர்ப்பையொட்டி 1959-ஆம் ஆண்டில் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறிற்று. அப்போது லோக்சபையின் சபாநாயகராய் வீற்றிருந்தவர் அதே அனந்தசயனம் ஐயங்கார். அவருடைய தொகுதி அப்போது சித்தூர். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. திருத்தணித் தாலுகாவும் பள்ளிப்பட்டு உபதாலுகாவும் சென்னை ராஜ்யத்தை அடைந்தன. அவற்றுக்கு ஈடாகச் செங்கற்பட்டு, சேலம் ஜில்லாக்களிலிருந்து சில பகுதிகள் ஆந்திரப் பிரதேசத்துக்குச் சென்றன. சத்தியவேடு அவற்றுள் ஒன்று. நிலத்தோடு ஒரு பிரதிநிதியும் மாறினார். ஆந்திரச் சட்டசபையின் ஓர் இடம் சென்னைச் சட்டசபைக்கு வந்து சேர, 205 ஆக இருந்த அங்கத்தினர் தொகை 206 ஆயிற்று.

சித்தூரும் திருப்பதியும் திருமலையும் ஆந்திரத்திலேயே நின்றன. வேங்கடத்தை விடமாட்டோம் என்று முழங்கியோர்க்கு அது தீராத வருத்தம். ஆயினும் ம. பொ. சி. மன்ற மரபில் நம்பிக்கை இழக்கவில்லை. பிற்காலத்தில் தமிழ்நாட்டு மேலவையின் தலைவராகவே விளங்கினார். அம்மேலவை 1986-இல் கலைக்கப்படும்வரை அவரே அதன் பீடத்தில் இருந்தார்.

சபையில் தந்த சொல் காற்றில் கரையாமல் இருக்க வழி என்ன? இவ்வினா அக்காலத்தில் மன்றத்தின் உள்ளேயும் எழுந்தது. 1953-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள், அதாவது ஆந்திரம் பிறந்து இரண்டே மாதங்களில், லோக்சபையில் அரசு உறுதிமொழிக் குழு அமைக்கப்பட்டது. அமைச்சர்கள் சபையில் அளிக்கும் வாக்குறுதிகளை நடவடிக்கைக் குறிப்பிலிருந்து பொறுக்கி எடுத்து, நிறைவேறினவா, எவ்வளவில் நிறைவேறின, காலத்தில் நிறைவேறினவா என்று ஆராய்வதே அதன் பணி. தமிழ்நாட்டுச் சட்டசபையிலும் இத்தகைய குழு இருக்கிறது. அறிக்கை படிக்கும்போது வினா எழுப்ப இயலாவிட்டாலும், அது நிறைவேறும்வரை கணக்குக் கேட்கும் கருவி மன்றத்தின் கையில் உண்டு. அறிக்கையின் வலிமை இங்கேதான் இருக்கிறது. அச்சான சொல்லைச் சொன்னவர் மறந்தாலும் குறிப்பேடு மறப்பதில்லை.

வெளி ராஜ்யங்களில் வாழும் தமிழ் நேயர்கள் இந்த வரலாற்றைத் தொலைவிலுள்ள பழங்கதையாகக் கொள்ள வேண்டுவதில்லை. கிராமம் கிராமமாகப் பிரித்த பின்னும், கோட்டின் அப்புறம் தமிழரும் இப்புறம் தெலுங்கரும் நின்றனர். எவ்வளவு நுண்ணிய கோட்டினாலும் மொழிகளை முற்றப் பிரிக்க இயலாது என்பதை சித்தூரே காட்டிவிட்டது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் திருப்பதியைத் தலைநகராகக் கொண்டு புதிய ஜில்லா அமைந்தபோது, 1960-இல் மாறிச் சென்ற சத்தியவேடும் அதில் சேர்க்கப்பட்டது. எல்லைகள் மாறிக்கொண்டேயிருக்கும், அவற்றுக்கிடையே மக்கள் வாழ்ந்தாக வேண்டும்.

இதனை உணர்ந்தே 1956-ஆம் ஆண்டில் அரசியல் சட்டத்தில் இரு பிரிவுகள் சேர்க்கப்பட்டன. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு ராஜ்யமும் முயல வேண்டும் என்பது 350-அ பிரிவு. சிறுபான்மையினரின் பாதுகாப்புகளை ஆராயத் தனி அதிகாரி ஒருவர் இருப்பார், அவருடைய அறிக்கைகளை ஜனாதிபதி பார்லிமெண்டின் இரு சபைகளின் முன்னும் வைக்கச் செய்வார் என்பது 350-ஆ பிரிவு. திருப்பதித் தமிழர்க்கும், திருத்தணித் தெலுங்கர்க்கும், பம்பாய், டில்லி, கல்கத்தா நகரங்களில் வாழும் தமிழர்க்கும் இவை ஒன்றுபோலவே உரியன.

பார்லிமெண்டின் நடவடிக்கைகள் அச்சேறிப் பாதுகாக்கப்படுகின்றன. இன்று வீட்டிலிருந்தே அவற்றைத் தேடிப் படிக்கலாம். தம் ஊர்ப் பள்ளியில் தமிழ் வகுப்பு நீடிக்குமா என்று கவலும் பெற்றோர், அதிகாரியிடம் முறையிடுவதற்கு முன், அரசு மன்றத்தில் என்ன சொல்லியிருக்கிறது, எந்த நாளில் சொல்லியிருக்கிறது, எந்தச் சொல்லால் சொல்லியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நலம். வட எல்லையில் போராடியோர் அறிக்கையின் ஒவ்வொரு சொல்லையும் நினைவில் வைத்து ஏழாண்டுகள் கணக்குக் கேட்டனர். அதனாலேயே திருத்தணி திரும்பிற்று.